வெறும் கண்ணாடியில் எரிந்த துளி

அத்தியாயம் 6

கதவு மூடின சத்தம் பெருசா ஒண்ணும் கேக்கல. 'டொப்'. அவ்வளவுதான். ஆனா எனக்கு அந்தச் சத்தத்தை நல்லாத் தெரியும். ஹார்பர்ல சரக்கு எண்ணுத கிளார்க்கா இருந்த காலத்துல, முந்திரிக்கொட்டை மூட்டையை எண்ணிக்கிட்டு நின்ன என்னை உள்ள வச்சே ஒரு புண்ணியவான் கன்டெய்னரைப் பூட்டிட்டான். அன்னைக்கும் இதே 'டொப்'தான். ரெண்டு மணி நேரம் கழிச்சு வெளிய எடுத்தப்போ என் பேரைக் கேட்டதுக்கு நான் 'முந்திரி'ன்னு சொன்னேனாம்.

"கதவு பூட்டிக்கிட்டே!"ன்னார் மாரிச்செல்வம் அண்ணாச்சி.

மணியைப் பாத்தேன். ரெண்டு அஞ்சு. மூணு மணிக்கு எங்க அத்தான் நாக்கை அறுக்கப் போறாங்க.

இதை முதல்லயே சொல்லிருதேன். இல்லன்னா நான் ஏன் அந்தக் கதவைக் கழுதை மாதிரி உதைச்சேன்னு உங்களுக்குப் புரியாது. அத்தான்னா என் அக்கா ஷீஜா வீட்டுக்காரர், பேரு கஸ்பார். திரேஸ்புரத்துல மீன் ஏலம் கூவுதவர். "ஒரு தரம்!"ன்னு அவர் ஆரம்பிச்சா வள்ளத்துக்குள்ள தூங்குதவன் எந்திரிச்சு உக்காந்துருவான். இருபது வருஷமா அந்த வாய்ல வெத்தலை, பொயிலை, சுண்ணாம்பு. நாக்கோட ஓரத்துல ஒரு புண்ணு வந்து, ஆறாம, கேன்சர்னு ஆயிப்போச்சு. 'சின்னதுதான், ஓரத்தை மட்டும் எடுத்தாப் போதும், பேச்சு பொழைச்சுக்கிடும்'னு டாக்டர் ஜெயசெல்வி சொல்லியிருந்தாங்க. எது வரைக்கும் எடுக்கணும்னு காட்டத்தான் ஒரு புதுச் சாயம் வந்திருந்துது. முத்தொளின்னு பேரு. அதை வாய்ல ஊத்திக் கொப்பளிச்சுட்டு நீல விளக்கை அடிச்சா, நோய் இருக்க இடம் மட்டும் பச்சை வெளிச்சமா எரியும். எரியுததை வெட்டணும். எரியாததை விட்டுறணும்.

அந்தச் சாயத்தைச் செய்யுத லேப்புக்குள்ளதான் இப்போ நாங்க அடைபட்டுக் கிடந்தோம். முத்தையாபுரத்துல, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு கட்டடம். சாயத்துல ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சுதான் வந்திருந்தோம்.

நாங்கன்னா நாலு பேரு. முதல்ல எங்க ஜெபசுதா டீச்சர். நாசரேத்துல இருபத்தஞ்சு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்திட்டு, இப்போ துப்பறியுத தொழில் பாக்காங்க. மக்ரூன் மிட்டாய்க் கடைக்கு மேல மாடியில ஆபீசு. யார் என்ன சொன்னாலும் மனசுக்குள்ள மார்க் போட்டுருவாங்க. ரெண்டாவது நான், டிக்சன், அவங்க அசிஸ்டென்ட். மூளை அவங்களுது, கை, கால், வாய் மூணும் என்னுது. மூணாவது செந்தில்வேல், இந்த லேப்போட டெக்னீஷியன். டீச்சர்ட்ட படிச்சவன். நாலாவது மேனேஜர் மாரிச்செல்வம். அம்பது வயசு, பட்டு வேட்டி, நெத்தியில பூஜைச் சந்தனம். மீன் ஏற்றுமதிக் கம்பெனியில இருந்துட்டு ரெண்டு வருஷம் முன்னாலதான் இங்க வந்து சேந்தவர்.

அன்னைக்கு ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, பொரிகடலை வாங்கிக்கிட்டு, பன்னெண்டு மணிக்கே எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. செந்தில்வேல் மட்டும் போகல. காலையில ஆஸ்பத்திரிக்கு அனுப்பின அதே செட்டுல ஒரு பாட்டில் மிச்சம் இருந்திருக்கு. அதுல ஒரு துளி எடுத்து வெறும் கண்ணாடித் தகட்டுல விட்டு விளக்கை அடிச்சிருக்கான். எரிஞ்சிருக்கு. மேனேஜர்ட்ட சொன்னதுக்கு 'பேசாமக் கெட'ன்னுட்டாராம். பஸ்ஸுக்குக் கூட நிக்காம பைக்ல எங்க ஆபீசுக்கு வந்து மூச்சு வாங்கினான்.

"வெறும் கண்ணாடி எரியக் கூடாது டீச்சர்!"

"எரிஞ்சா நல்லதுதானல?"ன்னேன் நான்.

"இல்லண்ணே. இது பூட்டுப் போட்ட விளக்கு. சும்மா இருக்கும்போது இருட்டாத்தான் இருக்கணும். கேன்சர் செல்லுல ஒரு என்சைம் இருக்கு. அதுதான் சாவி. அது பட்டாத்தான் பூட்டு திறந்து எரியும். சாவியே இல்லாம எரியுதுன்னா அது நம்ம சாயமே கிடையாது."

அதை ஊத்திக் கொப்பளிச்சா அத்தான் வாய் முழுக்க எரியும். எரியுததை எல்லாம் வெட்டினா அப்புறம் நாக்குன்னு என்ன மிஞ்சும்?

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். டாக்டரம்மா தியேட்டர்ல இருக்காங்க, கம்பெனி மேனேஜரே சொன்னாத்தான் நிறுத்த முடியும்னு சொல்லிட்டாங்க. அக்காவுக்காவது போடுவோம்னு நான் எடுத்த போனை டீச்சர் பிடுங்கிட்டாங்க. "கண்ணால பாத்துட்டுச் சொல்லுவோம்லே. பத்து நிமிஷ வேலை. அரைகுறையாச் சொல்லி அவளைப் பதற வைக்காத."

மாரிச்செல்வம் அண்ணாச்சி எங்களை வாசல்லயே வரவேற்றார். "வாங்க டீச்சர், நேர்லயே பாத்துருவோம். தப்புன்னா டாக்டரம்மாட்ட நானே பேசுதேன்"ன்னு சொல்லி இந்த இருட்டு ரூமுக்குக் கூட்டிட்டு வந்தார். கடைசியா உள்ள நுழைஞ்சவரும் அவர்தான். அப்போதான் அந்த 'டொப்'.

நான் கதவை உதைச்சேன். தோளால முட்டினேன். கதவு அசையல, தோளு அசைஞ்சுட்டு.

"அது அப்படில்லாம் வராது தம்பி. முன்னால இது எக்ஸ்ரே ரூமு. கதவு, செவரு எல்லாத்துக்குள்ளயும் ஈயத் தகடு"ன்னார் மாரிச்செல்வம்.

போனைப் பாத்தேன். ஒரு கோடு சிக்னல் கூட இல்ல. ஈயம் அதையும் முழுங்கிட்டு. சன்னல் கிடையாது. ஏசி சுவிட்சு வெளிய. சாத்தினாத் தானாப் பூட்டிக்கிடுத கதவு, உள்பக்கம் கைப்பிடியே கிடையாது, ஒரு சாவித் துவாரம்தான். அதுக்கும் வெளிச்சம் வராம இருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்துது. நாலு பேரு விடுத மூச்சு அதுக்குள்ள ரூமை இட்லிக் கொப்பரை ஆக்கிட்டு.

"சாவி எங்க அண்ணாச்சி?"

"வெளியதான். பூட்டுலயே தொங்குது. எடுக்க மறந்து தொலைச்சிட்டேன். புத்தி கெட்டவன் நான், புத்தி கெட்டவன்!" தலையில தலையில அடிச்சுக்கிட்டார்.

"வாட்ச்மேன்?"

"பூஜைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கான். நாலு மணிக்குத்தான் வாரான்."

நாலு மணி! மாதாவே! நான் மறுபடியும் கதவுல அறைஞ்சேன். அண்ணாச்சியும் என்கூடச் சேந்து, "யாராவது இருக்கீயளா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினார். யாரும் இல்ல. என் நெஞ்சுக்குள்ள அந்தப் பழைய கன்டெய்னர் வந்து உக்காந்துக்கிட்டு. காதுக்குள்ள கிர்ருன்னு இரைச்சல்.

"டிக்சா"ன்னாங்க டீச்சர். "உன் பேரென்ன?"

"டிக்சன்."

"நல்லது. இன்னும் முந்திரி ஆகல. இப்படி வந்து நில்லு. கதவு திறக்கலன்னா வந்த வேலையையாவது பாப்போம். செந்திலு, அந்த பாட்டிலை எடு. டியூப்லைட்டை அணைச்சிரு."

லைட்டு அணைஞ்சதும் கண்ணைத் திறந்திருக்கமா மூடியிருக்கமான்னு தெரியாத இருட்டு. செந்தில்வேல் நீல டார்ச்சை அடிச்சான். சுத்தமாத் துடைச்ச கண்ணாடித் தகட்டுல ஒரு துளி விட்டான். கேன்சரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆனா அந்தத் துளி மஞ்சள் கலந்த பச்சையில பளீர்னு எரிஞ்சுது.

டார்ச் வெளிச்சத்துல இன்னும் என்னென்னவோ எரிஞ்சுது. மைக்ராஸ்கோப் தலையில பூஜைக்குப் பிடிச்சு வச்ச மஞ்சள் பிள்ளையார் ஜகஜ்ஜோதியா உக்காந்திருந்தார். அதுக்குப் பக்கத்துல ஒரு வளையம் அந்தரத்துல மிதக்குது. பகீர்னு ஆயிட்டு எனக்கு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது செந்தில்வேலோட வலது கை மணிக்கட்டு. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதம் இருந்து, மஞ்சள் தோய்ச்ச காப்புக் கயிறு கட்டியிருக்கான்.

"பாத்தியளா டீச்சர், பாத்தியளா!" மாரிச்செல்வம் குரல் ஏறிட்டு. "போன வாரமே இவன் கயிறு எரியுதுன்னு லேப்பே சிரிச்சுது. இதுல உள்ள மஞ்சள்தான் சாயத்துக்குள்ள உதிர்ந்திருக்கு. கழட்டுலேன்னா கேட்டானா?"

"சூரசம்ஹாரம் முடியாமக் காப்பை எப்படி அண்ணாச்சி கழட்ட முடியும்? நாளைக்கு ராத்திரிதான் சம்ஹாரம். நான் அதுக்கு மேல கிளவுஸ் போட்டுத்தான் வேலை பாத்தேன்"ன்னான் செந்தில்வேல்.

எனக்கு வந்துதே ஆத்திரம்! இருட்டுலயே தடவி அவன் சட்டையைப் பிடிச்சேன். "ஏலே, உன் வேண்டுதலுக்கு எங்க அத்தான் நாக்கால நேத்திக்கடன்?"

"டிக்சா, கையை எடு!" பள்ளிக்கூடத்துக் குரல். கை தன்னால விட்டுட்டு. "முதல்ல இது மஞ்சள்தானான்னு நிரூபிக்கணும். பச்சையா எரியுததெல்லாம் மஞ்சள்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? எனக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு வேணும்."

"சுண்ணாம்பா? எதுக்கு?"

"ஆரத்தி கரைக்க. மஞ்சள்ல சுண்ணாம்பு சேந்தா என்ன ஆகும்னு கல்யாண வீட்டுல பாத்ததில்லையா? சோப்பு இருந்தாலும் போதும். இந்த ரூம்ல ரெண்டும் இல்ல. அவசரத்துல என் ஹேண்ட்பேக்கையும் ஆபீசுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

என் கை தானா என் பேண்ட் பாக்கெட்டுக்குப் போச்சு. அங்கன அத்தானோட சுண்ணாம்பு டப்பா இருந்துது. ரெண்டு பக்கமும் மூடி போட்ட பித்தளை டப்பா, ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் பொயிலை. நேத்து ஆஸ்பத்திரியில சேக்கும்போது அக்கா அவர் மடியில இருந்து உருவி, "கொண்டு போய்க் கடல்ல எறில இந்தச் சனியனை!"ன்னு என் கையில திணிச்சா. கடற்கரை வரைக்கும் போனேன். எறிய மனசு வரல. அவருக்கு நோயைக் குடுத்தது அதுதான்னு தெரியும். ஆனாலும் அதுல அவர் பெருவிரல் தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு குழி விழுந்திருக்கு, அந்தக் குழியில என் விரல் போய் உக்காந்ததும் அழுகை வந்துட்டு.

"இருக்கு டீச்சர்"ன்னு நீட்டினேன்.

டீச்சர் அதை வாங்கிக்கிட்டாங்க. டியூப்லைட்டைப் போட்டாங்க. ஒரு சொட்டுத் தண்ணியில சுண்ணாம்பைக் குழைச்சு அந்தத் துளியில தொட்டு வச்சாங்க. கண்ணு முன்னாலயே துளி ரத்தச் சிவப்பா மாறிட்டு.

"ஆரத்தி!"ன்னேன்.

"மஞ்சளேதான்"ன்னாங்க டீச்சர்.

செந்தில்வேல் அப்படியே தரையில உக்காந்துட்டான். "அப்போ என் காப்புதானா டீச்சர்? அம்மா தாயே, என்னால ஒரு மனுசன் நாக்கு போகப் போகுதா?"ன்னு முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான். மாரிச்செல்வம் அவன் தோள்ல தட்டி, "போட்டும் தம்பி, தெரியாம நடந்தது. போலீஸ்ல வேணா நான் உனக்காகப் பேசுதேன்"ன்னார். எவ்வளவு நல்ல மனுசன்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மணி ரெண்டு இருபத்தெட்டு.

"அண்ணாச்சி பதிலுக்குப் பத்துக்கு நாலு மார்க்"ன்னாங்க டீச்சர். "மஞ்சள்ங்கிற வரைக்கும் சரி. கயித்துல இருந்து உதிர்ந்த மஞ்சள்னா தூளாத் தெரியும், அங்கங்க புள்ளியா எரியும். இது பாட்டில் முழுக்க ஒரே சீரா எரியுது. ஸ்பிரிட்டுல கரைச்சு, துணியில வடிகட்டி ஊத்தின மஞ்சள் இது. கயித்துக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. எல்லாரும் வலது கையை நீட்டுங்க. செந்திலு, லைட்டை அணை."

டீச்சர் வாங்கி அடிச்ச நீல டார்ச் வெளிச்சம் என் கையில விழுந்துது. அய்யய்யோ! என் விரலெல்லாம் தீபாவளி மத்தாப்பு!

"டீச்சர், நான் இல்ல!"

"மதியம் என்ன சாப்பிட்ட?"

"விளை மீன் குழம்பு."

"தெரியுது. ரெண்டு தடவை ஊத்திச் சாப்பிட்டிருக்க."

டீச்சர் கை எரிஞ்சுது. சாம்பாராம். செந்தில்வேல் கையில லேசா இருந்துது, காலையில பூஜைக்கு மஞ்சள் எடுத்துக் குடுத்தானாம். மாரிச்செல்வம் கையும் எரிஞ்சுது. "பிள்ளையாரைப் பிடிச்சது நாந்தானே டீச்சர்"ன்னார், சிரிச்சுக்கிட்டே.

"இப்படிப் பாத்தா தமிழ்நாடே குற்றவாளி டீச்சர். எத்தனை பேருக்கு விலங்கு மாட்டப் போறிய?"ன்னேன்.

"இப்போ இடது கை"ன்னாங்க டீச்சர்.

என்னுது இருட்டு. டீச்சரோடது இருட்டு. செந்தில்வேலோடதும் இருட்டு. நாலாவது கை வரவே இல்ல.

"அண்ணாச்சி?"

"எனக்கு அந்தத் தோள்ல வலி டீச்சர். தூக்க முடியாது."

"தூக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும், நான் வாரேன்." டார்ச் இருட்டுல நகந்து போய் அவர் வேட்டி ஓரத்துல நின்னுது. இடது கையில பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூணும் நகக்கண்ணு வரைக்கும் பச்சையா எரிஞ்சுது. தேய்ச்சுக் கழுவியும் போகாத கறை.

"கையால சாப்பிட்டா வலது கையில ஒட்டும். சாமிக்குப் பிள்ளையார் பிடிச்சாலும் வலது கைதான். இந்த ஊர்ல இடது கையால மஞ்சளைத் தொடுதவன் யாரு? வலது கையில புனலைப் பிடிச்சுக்கிட்டு, இடது கையால மஞ்சள் துணியைப் பிழிஞ்சவன்தான்."

அப்புறம் அண்ணாச்சி குரல் வெடிச்சுது. "என்ன டீச்சர் பேசுதிய? நானும் உங்ககூடத்தானே அடைபட்டுக் கிடக்கேன்? உங்களைப் பூட்டணும்னு நினைச்சா நான் வெளியல்லா நின்னுருப்பேன்? என் தொண்டையும்தானே கத்திக் கத்திப் போச்சு?"

நியாயமான கேள்விதான். எனக்கே அப்படித்தான் பட்டுது.

"அதுக்கும் பதில் பாத்துருவோம்"ன்னாங்க டீச்சர். "டார்ச்சை அணைச்சுட்டேன் டிக்சா. சாவித் துவாரத்துல இருக்க டேப்பை உரி."

தடவிப் பிடிச்சு உரிச்சேன். இருட்டுக்குள்ள ஒரு சாவித் துவாரம் அளவு பகல் வெளிச்சம் உள்ள வந்து என் சட்டையில விழுந்துது. குனிஞ்சு பாத்தேன். எதிர்த்த செவத்துல மாட்டின காலண்டர் தெரிஞ்சுது.

"என்ன தெரியுது?"

"வெளி வராந்தா. காலண்டர்."

"சாவி தெரியலையா?"

அப்போதான் எனக்கு உறைச்சுது. சாவி வெளிய பூட்டுலயே தொங்கினா, அந்தத் துவாரம் அடைஞ்சுல்லா இருக்கணும்? வெளிச்சம் எங்க இருந்து வரும்?

"சாவி வெளிய இல்ல"ன்னாங்க டீச்சர். "இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு. நம்மகூடவே அரை மணி நேரமா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. மூணு மணி தாண்டினதும் மடியில இருந்து எடுத்து, 'அட, இங்கனயா இருந்துது'ன்னு சொல்லத் திட்டம். என்ன அண்ணாச்சி?"

நான் டியூப்லைட்டைப் போட்டேன். மாரிச்செல்வம் செவத்தோட செவரா ஒட்டி நின்னார். வேட்டி மடிப்பை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தார். வேர்வையில சந்தனம் கரைஞ்சு மூக்கு வரைக்கும் வழிஞ்சிருந்துது.

"கிட்ட வராதிய"ன்னார். "டீச்சர், நான் கெட்டவன் இல்ல. போன வாரம் ஃபிரிட்ஜ் கெட்டுப் பெட்டியெல்லாம் தண்ணி. பாட்டிலைச் சுத்தியிருந்த வெள்ளித் தாளெல்லாம் நனைஞ்சு தொப்பலாயிட்டு. லேப்ல அன்னைக்கு யாரும் இல்ல. நான்தான் தாளை உரிச்சுப் போட்டுட்டு, மொட்டை மாடியில பாயை விரிச்சு, பாட்டிலை எல்லாம் வெயில்ல அடுக்கினேன்."

"வெயில்லயா!" செந்தில்வேல் அலறிட்டான். "வெளிச்சமே படக் கூடாதுன்னுதானே அண்ணாச்சி அந்தத் தாளைச் சுத்தினோம்! வெயில் பட்டா அது செத்துரும்லா?"

"எனக்கு யாரு சொன்னா? நான் கருவாட்டு வீட்டுப் பிள்ளை தம்பி. ஈரம் பட்டா வெயில் காட்டணும். நெல்லோ, வலையோ, மெத்தையோ, எதுன்னாலும் வெயில் காட்டினா கெடாது. பிறந்ததுல இருந்து அதான் தெரியும். சாயங்காலம் போய்ப் பாக்கேன், ஆரஞ்சு நிறமா இருந்ததெல்லாம் வெறும் தண்ணி மாதிரி வெளுத்துப் போய் நிக்கி." அவர் மடிப்பை இன்னும் இறுக்கிக்கிட்டார். "நாளைக்கு மறுநாள் சென்னையில இருந்து பெரிய ஆளுங்க வாராங்க. இன்னைக்கு நடக்குததுதான் நம்ம சாயத்தை வச்சுப் பண்ணுத முதல் ஆபரேஷன், அது நின்னா அவங்கட்ட என்ன சொல்ல? என்ன செய்வேன்? செந்தில் கயிறு எரிஞ்சது ஞாபகம் வந்துது. நிறமும் அதே நிறம், மஞ்சளைக் கரைச்சு ஊத்திட்டேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாதா, அவங்க பாத்துக்கிடுவாங்கன்னு நினைச்சேன். ஒரு வாரமா நான் சோறு இறங்காமத்தான் திரியுதேன்."

"சாவியைக் குடும் வே!"ன்னு பாய்ஞ்சேன். அவர் சாவியை எடுத்து வாய்க்கிட்ட கொண்டு போயிட்டார். சின்னச் சாவி. முழுங்கினாலும் முழுங்கிருவார் போல இருந்துது. நான் அப்படியே நின்னுட்டேன்.

"நாலு மணிக்குத் திறந்திருதேன் தம்பி. பொண்ணு இந்த வருஷம்தான் காலேஜ் சேந்திருக்கா. இது வெளிய தெரிஞ்சா நாங்க எல்லாரும் கயித்துல தொங்க வேண்டியதுதான்."

மணி ரெண்டு நாப்பது. சாவி கண்ணு முன்னால இருக்கு. கை நீட்டினா முழுங்கிருவார். பூட்டின ரூமை விடக் கொடுமை அது. டீச்சர்தான் மெதுவாக் கேட்டாங்க.

"அண்ணாச்சி, அந்தச் சாயத்தை யார் வாய்ல ஊத்தப் போறாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. பேப்பர்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். நோயாளி நம்பர் ஒண்ணு."

"சொல்லு டிக்சா"ன்னாங்க.

அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். "கஸ்பார். திரேஸ்புரத்துல ஏலம் கூவுதவர்."

மாரிச்செல்வம் கண்ணு அந்தப் பித்தளை டப்பாவுல நிலைச்சுப் போச்சு. "ஏலக் கஸ்பாரா?"ன்னார். "நம்ம கஸ்பாரா? பதினாறு வருஷம் கம்பெனிக்கு மீன் எடுக்க அங்கன போய் நின்னிருக்கேன். என்னை எட்டத்துல பாத்தாலே, 'மாரி வாரான், வெலையைக் கூட்டுங்கடே'ன்னு கத்துவானே. அந்த நாக்கையா?"

சாவியைப் பிடிச்ச கை மெல்ல இறங்குச்சு. அதே இடது கை. அதைச் சாவியோட என் பக்கம் நீட்டினார். "ஓடுல"ன்னார். "ஓடு, ஓடு!"

ஓடினேன். கேட்டுக்கிட்ட வந்ததும் போன்ல ரெண்டு கோடு வந்துது. ரெண்டு நாப்பத்தாறு. அக்கா முதல் மணியிலேயே எடுத்தா.

"ஏலே டிக்சா, எங்கல போய்த் தொலைஞ்ச? எத்தனை தடவை அடிச்சேன்! வாய் முழுக்க எரியுதாம்ல. முழு நாக்கையும் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. இவரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. உள்ள கொண்டு போயிட்டாங்கல!"

"மயக்க ஊசி போட்டாச்சா?"

"தெரியலைய. கதவைச் சாத்திட்டாங்க."

"தட்டு! உடைச்சாலும் பரவாயில்ல, தட்டு! சாளை மீன் விக்கும்போது தெருவுக்கே கேக்குத மாதிரி கத்துவியே, அப்படிக் கத்துக்கா! டாக்டரை வெளிய வரச் சொல்லு!"

எங்க அக்கா கத்தினா. என் காதுல ஏதோ கிழிஞ்சுது. ஒரு கதவு திறந்து, யாரோ திட்டி, கடைசியில டாக்டர் ஜெயசெல்வி குரல் கேட்டுது. பின்னாலயே ஓடி வந்திருந்த டீச்சர்ட்ட நான் போனைக் குடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"டாக்டர், நான் ஜெபசுதா. ஒரே ஒரு கேள்வி. உள்ள போய் நீல விளக்கை அவர் பல்லுல அடிச்சுப் பாருங்க. நாக்குல வேண்டாம், பல்லுல."

"என்னம்மா இது, ஆபரேஷன் நேரத்துல..."

"பல்லு டாக்டர். ப்ளீஸ்."

செருப்புச் சத்தம் தூரப் போச்சு. நான் கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வெயில்ல கம்பி சுட்டது கூட அப்புறம்தான் தெரிஞ்சுது. செருப்புச் சத்தம் திரும்பி வந்துது, இந்தத் தடவை வேகமா.

"எரியுது. எல்லாப் பல்லும் எரியுது."

"பல்லுக்கு இந்த நோய் வருமா டாக்டர்?"

அப்புறம் அங்கன யாரையோ பாத்து, "ஊசியை நிறுத்து. நிறுத்துன்னு சொன்னேன்ல!"ன்னு அவங்க கத்தினது எங்க எல்லாருக்கும் கேட்டுது.

டீச்சர் மெதுவா மூச்சு விட்டாங்க. செந்தில்வேல் தன் காப்பைக் கண்ணுல ஒத்திக்கிட்டான். மாரிச்செல்வம் வராந்தாப் படியில தலையைக் கவுந்துக்கிட்டு உக்காந்திருந்தார். ஓடிப் போகல. "உன்னை அப்பவே உங்க அக்காவுக்குப் போன் பண்ண விட்டிருக்கணும் டிக்சா. எனக்கு இன்னைக்கு முட்டை மார்க்"ன்னாங்க டீச்சர்.

போன் இன்னும் கட் ஆகல. அந்தப் பக்கம் ஏதோ கரகரன்னுது. அப்புறம் ஒரு குரல். பொயிலையும் உப்புக்காத்தும் பட்டுக் கட்டையாப் போன அதே குரல்.

"ஏலே மாப்ள."

"அத்தான்!"

"ரெண்டு தரம் கூவியாச்சுல. கையெழுத்தும் போட்டுட்டேன். மூணாம் தரம் விழுததுக்குள்ள வந்து சேந்துட்ட."

நான் நடுரோட்டுல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். முத்தையாபுரம் பஸ்ஸுல போனவன்லாம் எட்டிப் பாத்தான். பாத்துட்டுப் போகட்டும்.

"சரி, அழாத"ன்னார் அத்தான். "என் சுண்ணாம்பு டப்பாவை நீதானே எடுத்துட்டுப் போன? எங்கல அது?"

திரும்பிப் பாத்தேன். டீச்சர் அதைக் கைக்குட்டையில சுத்தி, அந்தச் சிவப்புத் துளி விழுந்த கண்ணாடித் தகட்டோட சேத்துக் கட்டிக்கிட்டு இருந்தாங்க.

"அது இனிமே உங்களுக்குக் கிடையாது அத்தான்"ன்னேன். "உங்களுக்காகச் சாட்சி சொல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவுது."